தாடை ஓரத்துக் கோடு

ஓஷ், 2 மார்ச் 1995

நாசனின் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்பில் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், கட்டிலுக்கடியிலிருந்து நம் புதைபடிவக் கல்லை இழுத்து மீனின் தாடையை நக்கிப் பார்த்தேன். நீங்களும் இப்படித்தான் பார்ப்பீர்கள். ஈரம் பட்டால்தானே எலும்பு கல்லிலிருந்து பிரிந்து தெரியும்.

அந்தக் கோடு அங்கேயே இருக்கிறது. கீழ்த்தாடையின் வெளி ஓரத்தில், நெளிந்து நெளிந்து, பின்னாலிருந்து முன்னால் வரைக்கும். இது இரண்டு எலும்புகள் சேரும் பொருத்துக்கோடுதான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் கவசம் போட்ட மீன்களின் வாயில் வெறும் எலும்புத் தகடுதான் உண்டு. தாடைக்கு ஓரம் கட்டும் தனி எலும்பு கிடையாது. அது எலும்பு மீன்களுக்கு மட்டுமே உரியது என்றுதான் எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்முடையது கவச மீன். தாடையோ எலும்பு மீனின் தாடை. இரண்டு வம்சத்துக்கும் நடுவில் கட்டி வைத்திருக்கும் சுவர் விழுந்துவிடும்.

அவசரத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல. எங்கள் அருங்காட்சியக இயக்குநர் ஓர்மோன் அண்ணன் கல்லை விற்கப் போகிறார். வாங்க வருபவர் வெளிநாட்டுக்காரர், நவ்ரூஸ் புத்தாண்டுச் சமயத்தில் பார்க்க வருகிறார். நான் சண்டை போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கூரை ஒழுகுது. சம்பளம் வந்து எத்தனை மாசமாச்சுன்னு நீயே சொல்லு. அந்த மீனு செத்து நாப்பது கோடி வருஷமாச்சு, சாய்கல். நாம இன்னும் சாகல" என்றார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கப் பயன்பட்ட முதல் மாதிரியை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது என்று அமைச்சகத்தின் பழைய உத்தரவு உண்டு. கட்டுரை தயார். மாஸ்கோ இதழில் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். வெளிவந்துவிட்டால் ஓர்மோன் அண்ணன் கை கட்டப்பட்டுவிடும்.

ஆனால் இரண்டாகப் பிளந்த கல்லில் என்னிடம் இருப்பது பாதிதான். எலும்பு என் பாதியில், அதன் பதிவு உங்கள் பாதியில். கோடு பொருத்துக்கோடுதானா, இல்லை பிற்காலத்தில் கல்லோடு சேர்ந்து விழுந்த விரிசலா என்பதை உங்கள் பாதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தாடைப் பகுதியில் மட்டும் பிளாஸ்டரில் ஓர் அச்சு எடுத்து அனுப்புங்கள். லாரி ஓட்டும் ரஹ்மோனலி வாரம் ஒருமுறை குஜந்துக்கு அரிசி கொண்டுவருகிறார், நம்பலாம்.

சோவியத் நாடு உடைந்து, தாஷ்கண்ட் ஆய்வுக்கூடம் கலைந்து பொருள்களைப் பங்கு பிரித்தபோது, இரண்டு பாதியும் ஓஷுக்கு என்று குழு முடிவெடுத்த அன்று, நீங்கள் உங்கள் பாதியை ரொட்டித் துணியில் சுற்றி எடுத்துப்போனீர்கள். எல்லார் முன்னாலும் நான் உங்களைத் திருடி என்றேன். அதைப் பற்றிப் பேச இப்போது எழுதவில்லை. மீனுக்காக எழுதுகிறேன்.

சாய்கல்


குஜந்த், 12 மார்ச் 1995

சாய்கலுக்கு,

திருடியின் முகவரியை மறக்காமல் வைத்திருந்ததற்கு நன்றி.

அச்சு அனுப்ப முடியாது. இங்கே பிளாஸ்டர் கிடைப்பதில்லை. தெற்கே நடக்கும் சண்டையில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப்போடவே மருத்துவமனையில் போதவில்லை. மீனின் வாய்க்குக் கேட்டால் துரத்துவார்கள்.

நீ ஏழு வருடமாக அந்தத் தாடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் கண்ணைவிட என் பாதி அதிகமாக எதையும் சொல்லிவிடாது. எழுதியதை அப்படியே அனுப்பிவிடு. சீக்கிரம் அனுப்பு. கட்டுரையில் என் பாதியைப் பற்றிப் பேச வேண்டாம். "மறுபாதி பார்வைக்குக் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி போட்டால் போதும், அது உண்மையும்கூட.

உன் மகள் பிஷ்கெக்கில் படிக்கிறாள் என்று ரஹ்மோனலி சொன்னார். குளிருக்கு நல்ல காலணி வைத்திருக்கிறாளா?

நாசனின்


ஓஷ், 24 மார்ச் 1995

மதிப்பிற்குரிய நாசனின் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பிளாஸ்டர் இல்லை என்றால் மெழுகு இருக்கிறது. மெழுகு இல்லை என்றால் பென்சிலும் காகிதமும் இருக்கின்றன. காகிதத்தைக் கல்மேல் வைத்துத் தேய்த்து அனுப்ப ஐந்து நிமிடம் ஆகாது. தங்களுக்கு மனமில்லை என்று நேராகவே எழுதியிருக்கலாம். மூன்று வருடக் கோபத்தை மீன்மேல் காட்டுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ரஹ்மோனலியை ஒரு பிடி பிடித்தேன். "நீங்க கல்லப் பாத்தீங்களா இல்லியா?" என்றேன். "பாத்தேன்னும் சொல்லலாம், பாக்கலன்னும் சொல்லலாம் அக்கா. அவங்க ரூம்ல அலமாரி மேல இருக்கு. ஆனா முகத்த சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க, கோவிச்சுக்கிட்ட மருமக மாதிரி. நான் திருப்பப் போனேன், கைய தட்டிவிட்டாங்க" என்றார். அப்புறம் அவரே, "நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கட்டிப்புடிச்சு அழுது முடிச்சிட்டீங்கன்னா என் டீசலாவது மிச்சமாகும். எல்லைச் சாவடியில ஒவ்வொரு மூட்டையா குத்தூசி விட்டுக் குத்துறானுங்க, அபின் இருக்குதான்னு. அரிசி பாதி ரோட்டுலதான் கொட்டுது. இதுல உங்க தபாலு வேற" என்று அலுத்துக்கொண்டார்.

நவ்ரூஸுக்கு அந்த வெளிநாட்டுக்காரர் வந்தார். ஓர்மோன் அண்ணன் வீட்டில் விருந்து. முறைப்படி ஆட்டுத்தலை விருந்தாளிக்குப் போனது. அவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தாடையைக் கழற்றித் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தாடை முழுவதும் ஒரே எலும்பு. ஆட்டுக்கும் எனக்கும் அந்த ஒரே எலும்புதான். அதன் ஆதி மூதாதை ஒரு மெல்லிய பட்டையாக என் கட்டிலுக்கடியில் கிடக்கிறதோ என்று நினைத்ததும் கறித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் அருங்காட்சியகத்துக்குக் கல்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். அளந்தார். படமெடுத்தார். ஓரங்களை அறுத்துச் சதுரமாக்கி, அடியைப் பளபளப்பாகத் தேய்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கணப்புக்கு மேலே நிறுத்தி வைப்பாராம். ஓர்மோன் அண்ணன் என்னைப் பார்க்காமல், "செஞ்சிரலாம்" என்றார். மே விடுமுறை முடிந்ததும் ஆளும் பெட்டியும் வரும்.

தங்களிடமிருந்து இனி எதையும் எதிர்பார்க்கவில்லை. தகவலுக்காக மட்டும் இதை எழுதினேன்.

சாய்கல்


குஜந்த், 3 ஏப்ரல் 1995

சாய்கல்,

"அவர்களுக்கு" என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு அவ்வளவாகச் சிரிக்க முடியவில்லை.

உன்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ அந்த வார்த்தையைச் சொன்னது என் கணவர் ஷேரலியின் காதில் விழுந்தது. அவர்தான் வண்டியை ஓட்டிவந்தார். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "கல்லுக்காக யாராவது இப்படிப் பேச்சு வாங்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த இலையுதிர் காலத்தில் அவர் தெற்கே போனவர் திரும்பவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உன் வார்த்தை இல்லை. இதை நீ நம்பலாம்.

இப்போது நான் செவிலியர் பள்ளியில் உடற்கூறு நடத்துகிறேன். இந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு நானும் ஒரு காவலாளியும்தான். போன வாரம் வகுப்பில், நம் தாடை ஆதியில் மீனின் செவுளைத் தாங்கிய வளைவு, மூச்சுவிட இருந்ததுதான் பிறகு கடிக்கப் பழகியது என்று சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அதான் டீச்சர், எங்க மாமியாருக்கு மூச்சு விடாம கடிக்க வருது" என்றாள். வகுப்பே அடங்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாய்கல், கட்டுரையை அனுப்பிவிட்டாயா? இல்லை என்றால் ஏன் இல்லை? மே மாதம் வர எத்தனை நாள் இருக்கிறது? உன் கண்ணுக்கு அது பொருத்துக்கோடு என்றால் பொருத்துக்கோடு என்றே எழுது. யாரையும் கேட்காதே.

ஒன்று மட்டும் சொல். உன் பாதியில் தாடையைச் சுற்றிக் கொஞ்சமாவது கல் மிச்சம் இருக்கிறதா?

நாசனின்


ஓஷ், 8 ஏப்ரல் 1995

நாசனின் அக்கா,

ஷேரலி அண்ணனைப் பற்றி எழுதியதைப் பல முறை படித்தேன். பதில் எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

கட்டுரை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உறை ஒட்டியாகிவிட்டது. இரண்டு முறை தபால் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் தெரியும். உங்கள் கடைசிக் கேள்விதான் காரணம்.

தாடையைச் சுற்றிக் கல் மிச்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊசியும் தூரிகையுமாக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்ததே நீங்கள்தான். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். ஒரு மணல் துகள்கூட ஒட்டியிருக்காது. பிறகு எதற்காகக் கேட்டீர்கள்?

நான் சொல்கிறேன். பொருத்துக்கோடு என்றால் அது எலும்போடு பிறந்தது, எலும்பின் விளிம்போடு நின்றுவிடும். விரிசல் என்றால் அது எலும்பு எது, கல் எது என்று பார்க்காது. விளிம்பைத் தாண்டிக் கல்லுக்குள் போகும். என் பாதியில் விளிம்பைத் தாண்டிக் கல்லே இல்லாததால் எனக்குத் தெரிய வழியில்லை. உங்கள் பாதியில் கல் அப்படியே இருக்கிறது. எனக்குத் தெரிய வழி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

பிளாஸ்டர் இல்லை. என் பாதியைப் பற்றி எழுதாதே. சீக்கிரம் அனுப்பு. யாரையும் கேட்காதே. கல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இதையெல்லாம் கோபம் என்று நினைத்த நான்தான் முட்டாள்.

என் கோட்டுக்குள் ஒரு வெள்ளை இழை இருக்கிறது, தலைமுடியைவிட மெல்லியது. படிவு புகுந்திருக்கிறது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் பாதியில் அந்த வெள்ளை இழை தாடையோடு நிற்கிறதா, கல்லுக்குள் போகிறதா?

நீளமாக எழுத வேண்டாம். நிற்கிறது, அல்லது போகிறது. ஒரு சொல் போதும்.

சாய்கல்


குஜந்த், 17 ஏப்ரல் 1995

போகிறது.

இரண்டு விரல் அகலம், நேராகக் கல்லுக்குள். லென்ஸ்கூட வேண்டாம், ஜன்னல் பக்கம் பிடித்தாலே தெரியும். அது ஒரு விரிசல், சாய்கல். நம் மீன் எல்லாக் கவச மீன்களையும் போல ஒரு கவச மீன்.

கல்லை இங்கே கொண்டுவந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன். அப்போது உனக்கு எழுதியிருப்பேன், ஆனால் நாம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஷேரலி. பிறகு எதுவுமே முக்கியமாகப் படவில்லை. மார்ச்சில் உன் கடிதம் வந்ததும் கல்லை எடுத்து மறுபடியும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

நான் கணக்குப் போட்டது இப்படித்தான். நீ தெரியாமல் எழுதினால் அது பிழை. பிழை பாவமில்லை, நம் தொழிலில் எல்லாரும் செய்வது. பத்து வருடம் கழித்து யாராவது இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்து, "சாய்கல் தவறாகப் பார்த்துவிட்டார்" என்று நான்கு வரி எழுதுவார்கள். அதற்குள் கல் காப்பாற்றப்பட்டிருக்கும். தெரிந்து எழுதினால் அது பொய். ஆகவே உனக்குத் தெரியக்கூடாது. உனக்கு ஒரு பிழையைப் பரிசாகத் தர நினைத்தேன். கொடுக்கத் தெரியாமல் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். ஊசியை எடுத்தால் அந்த வெள்ளை இழை போன இடம் தெரியாது. கல்லின் நிறத்திலேயே பூசியும் விடலாம். நூறு வருடம் கழித்து எவர் பார்த்தாலும் கோடு தாடையோடு நிற்கும். ஏழு வருட உழைப்பு ஒரு பணக்காரன் கணப்புக்கு மேலே பளபளப்பாக நிற்பதைவிட அது மேல் என்று சில நேரம் தோன்றுகிறது. விடிந்தால் தோன்றுவதில்லை.

நீ சரி என்றால் செய்கிறேன். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன். இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

நாசனின்


ஓஷ், 27 ஏப்ரல் 1995

நாசனின் அக்கா,

கடிதத்தை எரிக்கவில்லை. அது கட்டுரைக்குள் இருக்கிறது, அதாவது அதன் சாரம்.

ஊசியை எடுக்காதீர்கள். எடுத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும்; என்னைக் கேட்டதே வேண்டாம் என்று நான் சொல்வதற்காகத்தான். ஒரு நாள் முழுக்க நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரிசி கழுவும்போதும், அருங்காட்சியகம் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கழுகின் அலகைக் காட்டும்போதும் உங்கள் கை ஊசியோடு கல்மேல் குனிந்திருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. நல்லதாகவே தெரிந்தது. அப்புறம் மனதில் அந்தப் படம் மேலும் விரிந்தது. நம் இழை போன இடத்திலிருந்து வம்ச மரத்தில் ஒரு கிளை வரைவார்கள். அதிலிருந்து எலும்பு மீன்கள், தவளை, ஆடு, நாம் என்று எல்லாவற்றையும் தொங்கவிடுவார்கள். யாரோ ஒரு பெண் எங்கோ ஒரு நல்ல தாடையைக் கண்டுபிடித்து, அது நம் மீனோடு ஒத்துப்போகவில்லையே என்று தன் கண்ணையே சந்தேகப்படுவாள். என்னைப் போலவே காலையில் எழுந்து கல்லை நக்கிப் பார்ப்பாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

உறையைப் பிரித்தேன். தலைப்பை மாற்றினேன். "பொருத்துக்கோடு" என்று எழுதிய இடமெல்லாம் அடித்து "விரிசல்" என்று எழுதினேன். பார்த்தவர் நாசனின் என்று போட்டேன். புதிய பெயர் எதுவும் இல்லை.

ஓர்மோன் அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். "பேரு வெச்சிருந்தா நான் உன்மேல கோவப்பட்டிருப்பேன். இப்ப எனக்கு வருத்தமா இருக்கு. இது என்னடி நியாயம்?" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை கல்ல கொண்டாந்து குடு. கல்லறுக்குற ஆளு வர்றான், ஓரத்த அறுக்கணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பணம் வந்தால் எங்கள் காவலாளி குல்சாராவின் மகனுக்குக் கண் அறுவை செய்யலாம் என்று அவர் மனதில் இருக்கிறது. என்னிடம் சொன்னதில்லை, குல்சாராதான் சொன்னாள். இதையும் எழுதி வைக்கிறேன். நான் செய்யப்போவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று பிறகு ஒருநாள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூடாது.

இன்று வியாழக்கிழமை. காலையில் கட்டுரையைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன், தபால் நிலைய மேசையில் நின்றபடி ஒரு வரியை நிரப்பினேன். அந்த வரி எல்லாக் கட்டுரையிலும் உண்டு, யாரும் கவனித்துப் படிக்காதது. மாதிரி வைக்கப்பட்டிருக்கும் இடம். அதை இத்தனை நாள் காலியாக விட்டிருந்தேன். "இரண்டு பாதிகளும்: குஜந்த் அருங்காட்சியகம்" என்று எழுதினேன். எழுதியதை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த ஊழியப் பெண், "அக்கா, முத்திரை குத்தட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். குத்தச் சொன்னேன்.

ஒரு கோட்டுக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பொய்யாக விட முடியாதில்லையா. ஆகவே அதை உண்மையாக்க வேண்டும்.

ரஹ்மோனலி நாளை விடிவதற்குள் கிளம்புகிறார். முன் இருக்கையில் இடம் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "மாமியார் வீட்டுக்கா அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அரிசி மூட்டைக்குள் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு குத்தூசி ஞாபகம் வந்தது. இன்று சாயங்காலம் தந்தூரில் பத்து ரொட்டி சுட்டேன். கல்லுக்குக் கீழே ஐந்து, மேலே ஐந்து, முகம் மேலே பார்க்க. நான்கு முனையும் சேர்த்துத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொள்வேன். எந்த ஊர்ச் சிப்பாயாக இருந்தாலும் அவனும் ஒரு தாய் வீட்டில் ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்று வளர்ந்தவன்தான். ரொட்டியில் இரும்பை வைக்க மாட்டான். உங்களுக்கு இது மூன்று வருடம் முன்பே தெரிந்திருக்கிறது.

அன்று நீங்கள் ஏன் எடுத்துப்போனீர்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. துணியை முடிந்துகொண்டிருந்தபோது கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

மலையில் நீங்கள் சுத்தியலால் தட்டி, கல் வாய் பிளந்த நாளிலிருந்து அந்த இரண்டு பாதிகளையும் நாம் மூடிப் பார்த்ததே இல்லை. சரியாகப் பொருந்துமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது; நீங்கள் அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டீர்கள்.

மகளுக்கும் எழுதவில்லை. இதைத் தபாலில் போடப்போவதில்லை, ரஹ்மோனலியிடமும் கொடுக்கப்போவதில்லை. என் கோட்டின் உள்பையில் இருக்கும். இது உங்கள் கைக்கு வந்தால், நானும் வந்திருப்பேன். கதவைத் திறந்ததும் எல்லார் முன்னாலும் என்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

சாய்கல்